நீலம் எரிந்த ஆறு மாதம்

கீழக்கரையில் வாங்கிய வண்டி.
துபாய்க்குப் போன ஹபீப் மரைக்காயர்
விற்கச் சொல்லி விட்டுப்போனது.
சாவி தந்தார்கள், ஆர்.சி. தந்தார்கள்,
பின்சீட்டு இடுக்கில் நாலு பேரீச்சங்கொட்டை.
விளக்கப் புத்தகம் மட்டும் இல்லை.
"ஓட்ட ஓட்டத் தெரிஞ்சிரும்" என்றார்கள்.

சாவியைப் பாதி திருப்பினால்
மூன்று நொடிக்கு எல்லாமே எரிகிறது,
காரங்காட்டுக் கோயிலில் சீரியல் பல்பு போட்டதுபோல.
பிறகு ஒவ்வொன்றாய் அணைகிறது,
ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று ஆரஞ்சு.
கழற்றிப் போட்ட இறால் பண்ணை மோட்டார் போல ஒரு படம்.
உச்சிப்புளி மெக்கானிக் சீனி நைனா
குனிந்து பார்த்தான், மூக்கைச் சொறிந்தான்.
"ஆரஞ்சுன்னா ஓட்டலாம்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்.
செவப்புன்னா நின்ன எடத்துல நிப்பாட்டிரணும்.
இது உப்புக்காத்து. சென்சாருக்குப் புத்தி பேதலிச்சிருக்கு."
மேலே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினான்.
டேப்பின் ஓரத்தில் இன்னும் கசிகிறது,
பக்கத்து வீட்டில் யாரோ தூங்காதது போல.

அலைமேல் நட்டுவைத்த கம்பு ஒன்று உண்டு.
வலை கட்டும் கொம்பு என்றுதான் நினைத்தேன்.
சூடாம்.
கடலை வரைந்துவிட்டுக்
காய்ச்சல் என்கிறார்கள்.

வண்டிக்கடியில் படுத்தபடி சீனி நைனா சொன்னது:
"எரியுற லைட்டுக்குப் பயப்படாதீங்க.
சாவி போட்டதும் எரிய வேண்டியது
எரியலைன்னா, அதுக்குத்தான் பயப்படணும்."
எனக்கு உடனே ஞாபகம் வந்தது
மண்டபம் கம்பெனியில் எடை போடும் மரிய லூர்து.
நாலு வருஷத்தில் ஒருநாள்கூட
என்னோடு சண்டை போட்டதில்லை.
அடுத்த நாள் சொந்தத் தராசு கொண்டுபோனேன்.
பெட்டிக்கு முக்கால் கிலோ.

மோர்ப்பண்ணையில் ஏற்றிய நண்டு,
ஐஸோடு இருபத்தெட்டுக் கிலோ.
பின்னால் இடமில்லை, முன்சீட்டில் வைத்தேன்.
சிவப்பு மனிதன் எரிந்தான், குறுக்கே ஒரு பட்டை,
டிங் டிங் என்று விடாமல்.
வண்டிக்குப் பாரம் தெரியும், ஆளைத் தெரியாது.
பெட்டிக்குப் பெல்ட் போட்டேன். அடங்கியது.
தேவிபட்டினம் விலக்கில் ஏட்டையா கைகாட்டி நிறுத்தி
உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.
"நண்டு பெல்ட் போட்டிருக்கு.
நீ ஏம்மா போடலை?"
என் பெல்ட் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது,
லைட்டை ஏமாற்ற நான் கண்டுபிடித்த வழி.

நீலத்தைப் பற்றி மட்டும் யாரையும் கேட்கவில்லை.
அழகாய் இருந்தது.
சிவப்புமில்லை ஆரஞ்சுமில்லை, என்ன கெடுதல் வந்துவிடும்?
அதிகாலை மூன்றரை மணி, கிழக்குக் கடற்கரைச் சாலை,
எதிரே வரும் மீன் லாரியெல்லாம்
என்னைப் பார்த்து இரண்டு முறை கண்ணடிக்கும்.
பொம்பளை ஒருத்தி ஓட்டுகிறாளே என்று
மரியாதை போல, என நினைத்தேன்.
நானும் பதிலுக்கு அடிப்பேன்.
தொண்டிவரை சாலை முழுக்கச் சொந்தக்காரர்கள்.

ஆறாவது மாதம் டீக்கடையில் ஒரு டிரைவர்,
தூத்துக்குடிக்காரர், கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.
"அந்த வெள்ளை வண்டி ஒங்களுதா?
டிம் பண்ணவே மாட்டீங்களா?
அந்த நீலம் எதுக்கு எரியுதுன்னு நெனச்சீங்க?"
டீக்குக் காசு நான் கொடுத்தேன்.
வேறென்ன செய்ய.

வண்டியில் ஏறி, குச்சியை ஒருமுறை இழுத்தேன்.
நீலம் போனது.
சாலை பாதியாகக் குறைந்தது.
கருவேல மரங்கள் பின்வாங்கி நின்றன.
ஆடுகள் கடைசி நொடியில் கண்ணாகி எழுந்தன.
லாரிகள் வந்தன, போயின,
ஒன்றுகூடச் சிமிட்டவில்லை.

நேற்று, திருப்பாலைக்குடி தாண்டியதும்
எதிரே ஒரு வெளிச்சம், கண்ணைப் பறிக்கிறது.
அந்த டேஷ்போர்டில் நீலம் எரிவது
இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.
இரண்டு முறை அடித்தேன், நிஜமான கோபத்தில்.

அதுவும் இரண்டு முறை அடித்தது,
சந்தோஷமாக.